அமாவாசைக்குக் காலியாகும் பெட்டி

“எனக்கு வர்ற மெயிலை யாரோ அழிக்கிறாங்கம்மா.”

அறவாழி இதைச் சொன்னபோது வேலம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“யாரு?”

“குணசீலன்.”

வேலம்மை பழுத்த இலை ஒன்றைக் கிள்ளித் தனியே போட்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

கேட்காததே அறவாழிக்குச் சந்தேகமாக இருந்தது.

அந்த மடத்தைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. மலையடிவாரத்தில் மூன்று ஓட்டுக் கட்டடம், ஒரு கிணறு, பதினொரு பேர். தலைவி வேலம்மைக்கு நாற்பத்தைந்து வயது. மடத்துக்கு வருமுன் ஓடுகிற ரயிலில் தபால் பிரிக்கிற வேலையில் இருந்தவர்.

அறவாழி அவரைவிடப் பதினாறு வயது மூத்தவர். சேர்ந்து மூன்று வருடம்தான் ஆகிறது.

மடத்தில் சேருகிறவர் பழைய பெயரை ஒரு சீட்டில் எழுதிச் சமையலறை அடுப்பில் போட வேண்டும். அன்றைய சோறு அந்தத் தீயில்தான் வேகும். எல்லோரும் சாப்பிடுவார்கள். அதன்பிறகு மடத்துக்குள் அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. அறவாழி என்பது வேலம்மை கொடுத்த பெயர். முன்னால் இருந்ததை நானும் இப்போதைக்குச் சொல்லவில்லை.

முன்பு அவர் பத்திரப்பதிவு அலுவலகத்தில் இருந்தார். முப்பத்திரண்டு வருடம். கையெழுத்தின் கடைசிச் சுழியைப் பார்த்தே இது போலி என்று சொல்லிவிடுவார். வேலையை விட்டுவிட்டு மடத்துக்கு வந்தார். அந்தக் கண்ணை விட்டுவிட்டு வரவில்லை.

மடத்தில் கைபேசி கிடையாது. அலுவல் அறையில் ஒரு கணினி. எல்லோருக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல் முகவரி. காலையில் குணசீலன் திறந்து பார்ப்பான், பிற்பகலில் அறவாழி. யாருக்கு என்ன வந்திருந்தாலும் அச்செடுத்து அவரவர் பையில் போடுவார்கள். வேண்டாதது ‘நீக்கியவை’ என்ற பெட்டிக்குப் போகும். அமாவாசை தோறும் விளக்கு வைக்கிற நேரத்தில் அந்தப் பெட்டியை அடியோடு காலி செய்வது மடத்து வழக்கம்.

அன்றைக்கு அமாவாசை. செவ்வாய்க்கிழமை.

வெள்ளிக்கிழமை தாம்பரத்தில் அறவாழியின் ஒரே மகள் நிரஞ்சனாவுக்குக் கல்யாணம்.

மனைவி இறந்து வருடம் திரும்புமுன்னே அவர் மடத்துக்கு வந்துவிட்டார். மகளுக்கு அதில் கோபம். மூன்று வருடமாகப் பேச்சில்லை. அவளுடைய போன் எண்ணும் மாறிவிட்டது. கல்யாணச் செய்தி அந்தப் பக்கமாக வந்துபோன உறவுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. உடனே எழுதினார். நாற்பது நாள் முன்பு. நான் வரலாமா, ஒரு வார்த்தை எழுது, நீ கூப்பிடாமல் வந்து நின்று உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன் என்று. பிறகு இன்னும் இரண்டு தடவை எழுதினார்.

பதில் இல்லை.

“வராதீங்கன்னு எழுதியிருந்தாலும் போதும்மா,” என்றார். “ஆனா ஒண்ணுமே எழுதாம இருப்பாளா? அவ கோபக்காரி. கோபக்காரங்க பதில் போடாம இருக்க மாட்டாங்க.”

குணசீலனைச் சந்தேகிக்க அவருக்கு நான்கு காரணம் இருந்தது. ஆறு மணிக்கு எழ வேண்டியவன் ஐந்தரைக்கே கணினி முன் உட்கார்ந்திருக்கிறான். தான் அறைக்குள் நுழைந்தால் திரையைச் சட்டென்று மாற்றுகிறான். மகளிடமிருந்து ஏதாவது வந்ததா என்று கேட்டால் இல்லை என்பதை வேகமாகச் சொல்கிறான். உண்மையாகவே இல்லை என்கிறவன் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வான்.

“நாலாவது?”

“சிரிக்கிறாம்மா. எதுக்குன்னே தெரியாம சிரிக்கிறான்.”

வேலம்மை கீரையை முறத்தில் பரப்பினார்.

“ரயில் பெட்டிச் சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கூண்டு இருக்கும்,” என்றார். “கூண்டுக்கு ஒரு ஊரு. வண்டி ஆடிட்டே போகும், நாங்க பிரிச்சிட்டே போவோம். பதிவுத் தபால் ஒண்ணு காணாமப் போச்சுன்னா முதல்ல என்ன செய்வோம் தெரியுமா?”

“கதவைச் சாத்திட்டு எல்லாரையும் சோதிப்பீங்க.”

“எழுந்து நிப்போம்.”

அறவாழி காத்திருந்தார். அவ்வளவுதான் போலிருந்தது.

“நீக்கியவையை இன்னும் காலி பண்ணலையே,” என்றார் வேலம்மை. “பிரிச்சுப் பாருங்க.”

நேரடியாகப் பதில் சொல்லாமல் ரயில் கதை சொல்கிறாரே என்று அதையும் மனதில் குறித்துக்கொண்டு அறவாழி அலுவல் அறைக்குப் போனார்.

பெட்டியில் ஆயிரத்து நூற்று நாற்பது கிடந்தன.

முதலில் அனுப்பியவர் பெயர் வரிசையில் அடுக்கினார். மகளின் பெயர் தொடங்குகிற எழுத்துக்குப் போனார். நிரஞ்சனா இல்லை. முன்னும் பின்னும் பத்துப் பெயர் பார்த்தார். இல்லை. தன் பழைய பெயருக்கு உரிய எழுத்து வந்தபோது மட்டும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அந்தப் பகுதியைத் தாண்டினார். அடுப்பில் போட்ட பெயரைக் கண்ணாலும் பார்ப்பதில்லை என்பது அவராக வைத்துக்கொண்ட நியமம்.

ஆக, கடிதம் இங்கே இல்லை. அழித்தவன் கெட்டிக்காரன். அடையாளம் ஏதாவது விட்டுப் போயிருப்பான்.

நேர வரிசையில் அடுக்கினார். இரவிலும் காலையிலும் வந்தவை குணசீலன் கையில் பட்டவை. பெட்டிக்குள்ளேயே ஒரு சிறு பெட்டி செய்து, ‘குணசீலன்’ என்று பெயரிட்டு, பழைய பெயர் உள்ளவற்றைத் தொடாமல் மற்றவற்றை அதில் தள்ளினார். அறுநூற்று இருபது. சமையல் பார்க்கும் சிவனம்மாள் மளிகைப் பட்டியல் அனுப்ப எப்போதாவது உட்காருவார். அவருக்கு ஒரு பெட்டி. முப்பத்தொன்று.

குணசீலன் பெட்டியை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தார். மெத்தைக்குப் பாதி விலை. பரிசு விழுந்திருக்கிறது, வங்கி விவரம் அனுப்பவும். முழங்கால் வலிக்குத் தைலம். மெத்தைக்குப் பாதி விலை என்பது மட்டும் இரண்டு தடவை இருந்தது.

ஏன் இதை மட்டும் இரண்டு தடவை அழித்தான்?

அதைக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணாச்சி, குப்பையை வகுப்பு வகுப்பா உக்கார வச்சு வருகைப் பதிவு எடுக்கிறீங்களா?”

வாசலில் குணசீலன் நின்றிருந்தான். முப்பத்தைந்து வயது. முன்பு கடையநல்லூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவன். சிரித்தான்.

அறவாழி திரையைத் திருப்பப் பார்த்தார். முடியவில்லை. குணசீலன் ஏற்கெனவே படித்துவிட்டிருந்தான்.

சிரிப்பு நின்றது.

“எம் பேர்ல ஒண்ணு இருக்கு.”

“இருக்கு.”

“எத்தனை?”

“அறுநூத்தி இருபது.”

குணசீலன் தலையை ஆட்டிக்கொண்டான். விரும்பினால் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம், சாயங்காலம் காலி செய்கிற முறை இந்த மாதம் தன்னுடையதுதான், இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போடச் சொன்னாலும் அம்மையிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று மெதுவாகச் சொன்னான்.

“அதெல்லாம் இருக்கட்டும்,” என்றார் அறவாழி. “நான் வந்தா ஏன் திரையை மாத்துற?”

குணசீலன் வாசலுக்கு வெளியே எட்டிப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

“ஸ்கோர் அண்ணாச்சி. கிரிக்கெட். இங்க சேர்றப்ப எல்லாத்தையும் அடுப்புல போட்டேன். அது மட்டும் எரியல.”

சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டான்.

அறவாழி அதை நம்பவில்லை. பாதி உண்மையைக் கொடுத்து முழுப் பொய்யைக் காப்பாற்றுகிறவர்களை அவர் முப்பத்திரண்டு வருடம் பார்த்திருக்கிறார். ஆனால் சிரிப்பு நின்ற அந்த முகம் கொஞ்சம் இடித்தது. அவன் இல்லையென்றால் யார்? சிவனம்மாள் கண்ணாடி இல்லாமல் எழுத்துக்கூட்டக்கூடத் திணறுவார்.

கணினியைத் தொடக்கூடியவர்களில் மிச்சம் ஒருவர்தான்.

அறவாழி எழுந்து கதவைச் சாத்தினார். மறுபடியும் உட்கார்ந்து இன்னொரு சிறு பெட்டி செய்தார். அதற்குப் பெயர் எழுதும்போது விரல் சற்று நின்றது. பிறகு எழுதிவிட்டார்.

பிற்பகல் இரண்டு மணிக்கு வேலம்மை வந்தார். பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து திரையைப் பார்த்தார்.

“எனக்கும் ஒண்ணா?”

மறைக்கக்கூடாது என்று அறவாழி முடிவு செய்திருந்தார். “ஆமாம்மா.”

“காரணம்?”

“நான் போனா திரும்பி வரமாட்டேன்னு நீங்க நினைச்சிருக்கலாம்.”

“நினைச்சேன்,” என்றார் வேலம்மை.

அறவாழி நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்தினார்.

“எத்தனை இருக்கு?”

“பதினேழு.”

வேலம்மையே சுட்டியை வாங்கி ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். விதை விற்பவர்கள். கிணற்று மோட்டார் பழுது பார்க்கிறவர். ரயிலில் கூட வேலை பார்த்தவர்கள் வருடா வருடம் கூடுகிற விழாவுக்கு அழைப்பு. கடைசியில் உள்ளதில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சுட்டியைத் திரும்பக் கொடுத்தார்.

“நல்லாத்தான் பிரிச்சிருக்கீங்க. ஒண்ணு விட்டுப்போச்சு.”

“யாரும்மா?”

“உங்களுக்கு ஒண்ணு போடலையே.”

“நான் எதையும் அழிக்கிறதில்லைம்மா. சந்தேகமா இருந்தா வச்சிடுவேன்.”

“போடுங்க.”

போட்டார். அறவாழி என்று எழுதினார். பெட்டி காலியாக இருந்தது. அதைக் காட்டும்போது அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை இருந்தது.

“இது நான் குடுத்த பேரு,” என்றார் வேலம்மை. “நீங்க கொண்டுவந்த பேருக்கு?”

“அதைத்தான் அடுப்புல போட்டாச்சே.”

“அடுப்புல மட்டுமா?”



அறவாழிக்குப் பெயர் மாறிய நாள் ஞாபகம் வந்தது. சீட்டு எரிந்து முடிந்தபிறகும் அவருக்குத் திருப்தி வரவில்லை. அலுவலகத்து ஆட்களும் ஓய்வூதியர் சங்கமும் காப்பீட்டுக்காரர்களும் பழைய பெயரில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். சோறு தின்றுவிட்டு நேரே இந்த அறைக்கு வந்தார். இதே நாற்காலியில் உட்கார்ந்தார். மின்னஞ்சலின் அமைப்புக்குள் போய் ஒரு விதி எழுதி வைத்தார். இந்தப் பெயர் எங்கே தென்பட்டாலும், யார் அனுப்பியிருந்தாலும், வந்த நொடியே நீக்கியவைக்குத் தள்ளு. யார் கண்ணிலும் பட வேண்டாம்.

அன்றைக்கு அவருக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. விதியை மறந்தும் போனார். ரயிலில் தபால் காணாமல் போனால் ஏன் முதலில் எழுந்து நிற்பார்கள் என்று இப்போது புரிந்தது; தொலைந்தது தேடுகிறவருக்கு அடியிலேயே கிடக்கலாம்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?”

“தெரியாது. உங்களைத் தெரியும்.”

அறவாழியின் விரல் எழுத்துகள் மேல் நின்றது.

“வாயால சொல்ல வேண்டாம்,” என்றார் வேலம்மை. “எழுதுங்க.”

அவர் எழுதினார். மூன்று வருடம் எழுதாத பெயர். பொன்னுரங்கம்.

அறுபத்துமூன்று வந்து வரிசையில் நின்றன. ஓய்வூதியர் சங்கம், காப்பீடு, பழைய மேலாளர் வீட்டுப் புதுமனைப் புகுவிழா. அவற்றுக்கு நடுவில் இரண்டு மட்டும் வேறு மாதிரி இருந்தன. அவற்றில் அனுப்பியவர் பெயரே ‘பொன்னுரங்கம் நி.’ என்றிருந்தது.

அறவாழி நாற்காலியில் நிமிர்ந்தார்.

“போலி,” என்றார். “பார்த்தீங்களா? எம் பேர்ல யாரோ எழுதுறாங்க.”

“திறங்க.”

பதினெட்டு நாள் முந்தையது முதலில் திறந்தது.

‘அப்பா, இது இரண்டாவது கடிதம். வாங்க என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டேனே, கிடைக்கவில்லையா? பழைய மெயில் முகவரியிலிருந்து நான் இப்போது எழுதுவதில்லை, இது ஆபீஸ் முகவரி. பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர் முன்னால் ஏறிவிட்டது. அதனால் இங்கே எல்லோருக்கும் என் பெயர் பொன்னுரங்கம்தான். சேர்ந்த புதிதில் யாராவது அப்படிக் கூப்பிட்டால் நீங்கள்தான் வந்துவிட்டீர்களோ என்று திரும்பிப் பார்ப்பேன். இப்போது நானே என்ன என்று கேட்டுவிடுகிறேன்.’

அடுத்தது நேற்று வந்தது. சின்னது.

‘பத்திரிகையில் உங்கள் பெயரைப் போட்டிருக்கிறேன். ஆள் வருவாரா என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்கிறார்கள். புதன்கிழமை ராத்திரி வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கப்புறம் உங்கள் இடத்தில் சித்தப்பா நிற்பார். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.’

அறவாழி இரண்டையும் மறுபடியும் படித்தார். மூன்றாம் தடவையும் படித்தார்.

“முதல் கடிதம் எங்கம்மா?”

“எப்ப எழுதியிருப்பா?”

“நான் எழுதின ரெண்டு மூணு நாள்ல.”

“போன அமாவாசைக்கு முந்தி.”

“ஆமா.”

“போன அமாவாசைக்குப் பெட்டியைக் காலி பண்ற முறை யாரோடது?”

விளக்கு வைத்த கையோடு வந்து, எதையும் படிக்காமல், ஒரே அழுத்தில் காலி செய்துவிட்டு, அறை சுத்தமானதுபோல் தான் மூச்சு விட்டது அறவாழிக்கு நன்றாக நினைவிருந்தது.

திரையில் ‘அறவாழி’ என்ற காலிப் பெட்டிக்கு மேலே குணசீலனின் பெட்டி இன்னும் இருந்தது. அறுநூற்று இருபது.

“தென்காசியில ஏழு மணிக்குத் தாம்பரத்துக்குப் பஸ் இருக்கு,” என்றார் வேலம்மை. “பதிவு பண்ணத் தெரிஞ்சவன் குணசீலன்தான். போய்க் கூப்பிடுங்க.”

“நான்தான் கூப்பிடணுமாம்மா?”

வேலம்மை தன் முக்காலியைச் சுவரோரம் தள்ளிவைத்துவிட்டுப் போனார்.

அறவாழி மகளுக்கு ஒரே வரி எழுதினார். வருகிறேன், நாளைக் காலையில் அங்கே இருப்பேன். கீழே எந்தப் பெயரும் போடவில்லை. அனுப்பிவிட்டுத் தோட்டத்துக்குப் போனார்.

குணசீலன் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான். அறவாழி அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்.

“ஸ்கோர் என்ன?” என்று கேட்டார்.

குணசீலன் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான். மண்வெட்டியைச் சாய்த்து வைத்தான்.

“ஆறு விக்கெட் போச்சு அண்ணாச்சி,” என்றான். “என்ன வேணும், சொல்லுங்க.”

அவன் கைகழுவி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். ஊர் கேட்டான், தேதி கேட்டான், ஜன்னலோரமா என்று கேட்டான். வேகமாகத் தட்டிக்கொண்டே போனவன் ஓரிடத்தில் நின்றான்.

“பேரு என்ன போட அண்ணாச்சி? அடையாள அட்டையில இருக்கிற பேருதான் கேக்கான். நீங்களே வேணா அடிச்சிருங்க, நான் அந்தப் பக்கம் பாத்துக்கிறேன்.”

அலுவல் அறைக்கும் சமையலறைக்கும் இடையில் ஒரு பாதிச் சுவர்தான். அந்தப் பக்கம் வேலம்மை ஆய்ந்த கீரையைச் சிவனம்மாள் கடைந்துகொண்டிருந்தார். மத்தின் சத்தம் சீராகக் கேட்டது.

“பொன்னுரங்கம்,” என்றார் அறவாழி. வாயால்.

மத்து நின்றது. பிறகு மறுபடியும் கடைந்தது.

குணசீலன் அந்தப் பெயரை எழுத்து எழுத்தாகத் தட்டினான்.

“முடிஞ்சது. டிக்கெட்டு இப்ப மெயில்ல வந்துரும். அச்செடுத்துத் தாரேன்.”

காத்திருந்தார்கள்.

வரவில்லை.

குணசீலன் பக்கத்தைப் புதுப்பித்தான். ஒன்றும் இல்லை. அறையை ஒரு பார்வை பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். மறுபடியும் புதுப்பித்தான். அவன் நெற்றி சுருங்கியது.

“அனுப்பியாச்சுன்னு அங்க காட்டுது. இங்க வரல. நீங்க சொன்னது சரிதான் அண்ணாச்சி, இங்க யாரோ அழிக்கத்தான் செய்றாங்க.”

பழைய பெயருக்குப் போட்ட விதியை அறவாழி இன்னும் எடுக்கவில்லை. நாற்காலியின் முதுகில் கை வைத்தார்.

“எழுந்திரு தம்பி.”